மேல வாங்க

ஊரிகம் சர்ச் மைதானத்தில் குழந்தைகளுக்கு நடந்த கோடை முகாமில் நான் உதவிக்குப் போயிருந்தபோது, தலையில் ஈரத் துண்டோடு ஒரு காவலாளி இருந்தார். முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வெயில் ஏறியதும் விசில் ஊதி, "ஷிப்ட் முடிஞ்சிச்சி, எல்லாம் மேல வாங்க" என்பார். பிள்ளைகள் புங்கமர நிழலுக்கு ஓடி வருவார்கள். ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவார். பிறகு மறுபடியும் எண்ணுவார். அதுவரை தண்ணீர்கூடக் கொடுக்க விடமாட்டார்.

"தரை சமமாத்தானே இருக்குது, இன்னாத்துக்கு மேலன்றீங்க?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "மைன்ல ஆள எண்ணி முடிச்சாத்தாம்மா மேல வந்த மாதிரி. அது வரிக்கும் புள்ளைங்க கீழதான்."

இப்போதும் உச்சி வெயிலில் மகள் வாசலில் விளையாடினால், "மேல வா" என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.