நாலு பேர் செய்த சத்தியம்

காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தை இரண்டு குடும்பம் சேர்ந்து குத்தகைக்குப் பார்த்தோம். நானும் என் வீட்டுக்காரரும், மயிலாடும்பாறையிலிருந்து வந்த இன்னொரு புருஷன் பெண்டாட்டியும். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். கொடியைக் கவாத்து வெட்டிவிட்டால் துளிர்க்கிற வரைக்கும் வேலை குறைவு. அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜோடி மாற்றிக்கொண்டோம்.

இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் கேலியாகத்தான் பேச்சு வந்தது. பிறகு நாலு பேரும் உட்கார்ந்து பேசி, ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. முதல் நாள் அவள் என்னைப் பார்த்து, "எக்கா, தாலி கட்டுன அன்னைக்குக்கூட நீ இம்புட்டு நடுங்கியிருக்க மாட்ட" என்று சிரித்தாள். வெளியே ஒரு சொல் போகக் கூடாது என்று, பம்புசெட் முன்னால் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தோம்.

இரண்டு வருஷம் அப்படி இருந்தோம். பிறகு மழையில் கொடி அழுகிப்போக, அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில் என் வீட்டுக்காரர் படுத்தார். பெரியாஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். நாலு பேரில் யாருக்கு முதலில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. வேறு யாரோடாவது பழக்கம் உண்டா, சொன்னால் அவர்களையும் காப்பாற்றலாம் என்று அங்கே ஆலோசனை சொல்கிற அம்மா பொறுமையாகக் கேட்டார். இல்லை என்றேன். சத்தியத்தை நினைத்தேன். அதைவிட, சொல்லிவிட்டு அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவளிடம் சொல்ல எந்தச் சத்தியமும் தடுக்கவில்லை. அவளும் அந்த நாலு பேரில் ஒருத்திதானே. இது எனக்கு உறைக்க ஆவணி ஆகிவிட்டது. அதற்குள் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பஸ் ஏறி மயிலாடும்பாறை போனேன். அவள் எலும்பும் தோலுமாகப் பாயில் கிடந்தாள். மஞ்சக்காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"எப்பத் தெரியும்க்கா?"

"மார்கழில."

விரலை மடக்கி மடக்கி மாசத்தை எண்ணினாள். "ஒன் வீட்டுக்காரக ஆம்பள, வாயத் தெறக்க மாட்டாக. நீயுமாக்கா?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. விலாசத்தை எழுதிக்கொண்டார். வண்டி போய் இரண்டு பேரையும் கூட்டிவந்தது. அவள் புருஷனுக்கு மாத்திரை கேட்டது, இன்றும் இருக்கிறார். அவள் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினம் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கிக் குடித்தாள். கடைசிவரை என்னோடு பேசவில்லை.