நிறுத்திப் பார்த்தால் தெரியும்

ஆம்பூர் பைபாஸில் கார் ஷெட் வைத்திருக்கும் நயீமுக்கு ஸ்கேனர், கம்ப்யூட்டர் ஒரு மண்ணும் வேண்டாம். காது போதும்.

"கடகடன்னு சத்தம் பாய். இன்ஜினா, ஏசியான்னு தெரியல" என்று இன்று ஒருவர் வந்தார்.

"ஏசிய நிறுத்துங்க."

நிறுத்தினார். சத்தமும் நின்றது.

"இன்ஜின் நல்லாருக்கு. ஏசி கம்ப்ரஸர்லதான் பேரிங் போயிடுச்சு."

நயீமின் மனைவி ரஹீமா ஷூ கம்பெனியில் பதினாறு வருஷம் பசை தடவியவள். போன வருஷம் முழுக்க அவர்கள் படுக்கும் அறையில் ஏதோ கரகரத்தது. ஃபேன் என்று நினைத்து நயீம் எண்ணெய் விட்டார். அது ரஹீமாவின் நெஞ்சு என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

அவள் இறந்து நாற்பதாம் நாள் பாத்தியாவும் ஓதியாகிவிட்டது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது. அந்த ஒரு வருஷத்தில், கரகரப்பு கேட்கும்போது நயீம் ஃபேனை ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்கவில்லை.