தினம் ஒரு ரோஜாப்பூ

தன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் மகள், "அம்மா, எல்லாத்துக்கும் வாட்ஸ்அப்புல தட்டி உட்ருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி அழைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அது அழைப்பே இல்லை. அதிலும் என் போத்தனூர்த் தோழி! அவள் வராமல் என்ன கல்யாணம்?

உக்கடத்தில் ஒரே டவுன் பஸ்ஸுக்கு முண்டியடித்து ஏறி, வேலைக்குப் போய்வந்ததில் வளர்ந்த சிநேகம். நான் வேலை மாறியதும் பேச்சு போனுக்குப் போனது. பிறகு மெசேஜ். கடைசியில் காலையானால் அவளிடமிருந்து ஒரு ரோஜாப்பூப் படம், என்னிடமிருந்து ஒரு கும்பிடு. இதற்குப் பெயர் தொடர்பில் இருப்பதாம்! எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் அனுப்புவேன்.

தட்டும் பழமுமாகப் போத்தனூர் போனால், கதவைத் திறந்தது யாரோ. "அவீங்க காலி பண்ணிட்டுப் போயி ஒரு வருசம் இருக்குமுங்க."

அன்று காலைகூட ரோஜா வந்திருந்ததே! வந்த கோபத்தில் வாசலிலேயே நின்று போன் போட்டேன்.

"தாராபுரத்துல அண்ணன் ஊட்ல இருக்கறனுங்க" என்றாள். "அவருக்குக் கொஞ்சம் முடியலீங்க."

கொஞ்சமா? மறுநாள் தாராபுரம் போய்ப் பார்த்தால் அவள் கணவர் கட்டிலோடு கிடந்தார். பக்கவாதம். பேச்சும் குழறியது.

அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கத்தியேவிட்டேன். "ஏனுங்க அம்மணி, கெணத்துல போட்ட கல்லாட்டம் இருந்துபோட்டீங்களே! பூப்படம் அனுப்புற விரலுக்கு இதச் சொல்லத் தெரியலையா?"

"சொன்னா நீங்க ஓடி வந்துருவீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா நான் அழுதுபோடுவேன். இவரு முன்னால அழுவக் கூடாதுங்க."

"அப்பறம் எதுக்கு அந்தப் பூவு?"

"அது நின்னா, என்னாச்சுன்னு கேப்பீங்கல்ல."

கதவைச் சாத்தி, "இங்க அழுவுங்க" என்றேன். அழுதாள். நானும்தான். பிறகு முகம் கழுவிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை ரோஜா வரவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.