படுக்கையில் சோறு

தவளக்குப்பத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த எனக்குக் கட்டு மாற்ற லாஸ்பேட்டையிலிருந்து ஒரு நர்ஸம்மா வருவார். ஒருநாள் என்னை ஒருக்களித்துப் பார்த்தவர், முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்திருக்கிறது, அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை என்றார். ரெண்டு மணிக்கொருதரம் திரும்பிப் படுக்க வேண்டுமாம். இப்படியே மல்லாந்து கிடந்தால் புண்ணாகி மறுபடி ஆஸ்பத்திரிதானாம்.

அடுப்படியில் என் மனைவி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா செருப்பை மாட்டியபடியே அவளுக்குக் குரல் கொடுத்தார்.

"அம்மா, ஐயாவுக்கு பெட் சோர் வரவே கூடாது. பாத்துக்குங்க!"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்!"

மத்தியானம் இட்லி வந்தது. ராத்திரி தோசை. மறுநாள் வஞ்சிர மீன் குழம்பு வாசனை தெருவையே தூக்கியது. எச்சில் ஊறக் காத்திருந்த எனக்கு, குழம்போடு பேக்கரியில் வாங்கிய நீள ரொட்டி வந்தது.

"மீன் குழம்புக்கு ரொட்டியா? சோறு எங்கடி?"

"பெட்ல சோறு ஆவாது. நர்ஸம்மா சொல்லிட்டாங்க."

"ரொட்டி மட்டும் ஆவுமா?"

"பிரெஞ்சுக்காரன் இருந்த ஊருதான, தின்னுங்க."

கத்தித் தீர்த்தேன். சோற்றை நிறுத்தச் சொன்ன அம்மணியின் மற்ற பேச்சை மட்டும் எதற்குக் கேட்பது என்று வீம்பு வந்துவிட்டது. திரும்பவே இல்லை. மல்லாந்தபடி ஃபேனைப் பார்த்துத் திட்டிக்கொண்டு கிடந்தேன். முதுகடியில் எரிய ஆரம்பித்தது.

அடுத்த முறை நர்ஸம்மா பார்த்தபோது தோல் உரிந்திருந்தது.

"என்னம்மா, ஐயா சரியா சாப்புடறாரா? புண்ணு ஆறணும்னா சோறு, பருப்பு, முட்டை, மீனு எல்லாம் நல்லா சாப்புடணும்."

"பெட்ல சோறு வரவே கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஐயோ, சோறு இல்லம்மா, சோர்! பெட் சோர்! படுக்கைப் புண்ணு!"

தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி வந்து குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"சோறு போடலன்னு நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்துனீங்க. இது வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்த இடத்தை அவளிடம் காட்ட எனக்கு வெட்கம். நர்ஸம்மா சொல்லச் சொல்ல, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று வைத்து, என்னைத் தன் பக்கமாகத் திருப்பினாள்.

"வலிக்குதா?"

இல்லை என்றுதான் வாயெடுத்தேன். கண் கலங்கிவிட்டது.

"வலிக்குது" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க" என்றவள், உலை வைக்கப் போனாள்.