கீரைப் பாத்தியில் கம்பெனி அட்டை

இன்று காலை எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் கீரை பறிக்கக் குனிந்தேன். லேத் பட்டறைக்குள் நுழைந்தது போல எண்ணெய் நாற்றம்.

பாத்தி மேல் போட்டிருந்த வைக்கோல் மூடாக்கைக் கிளறிப் பார்த்தேன். வைக்கோலுக்கு அடியில் கம்பெனி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பியிருக்கிறார்கள். இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவுகிற எண்ணெய் அட்டை முழுக்க ஊறியிருக்கிறது. கையெல்லாம் பிசுபிசுப்பு.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சேகர் வந்தான். ஒரகடத்தில் இரும்புச் சாமான் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அழகு கெடுகிறது என்று போன வருஷம் என் முருங்கையை வெட்டியவன். அதை நான் மறக்கவில்லை.

"இன்னாடா இது?"

"களை வராம இருக்க அட்டை போட்டுக்கீறோம் ஆயா. மண்ணுல மக்கிடும். இதான் இயற்கை முறை."

"அட்டை மக்கும். எண்ணெய் எங்கடா போவும்? என் மருமவளுக்கு ஏழு மாசம். இந்தக் கீரையத்தான் துன்னுகினு கீறா!"

"எல்லா வூட்டுக்கும்தான் குடுக்கறோம். யாருக்கு இன்னா ஆச்சு?"

"உன் வூட்ல ஆக்குனியா?"

"எம் பொண்டாட்டி கடையில வாங்கிக்கும் ஆயா" என்றான்.

த்தூ!

பாத்தி முழுவதையும் பிடுங்கிப் போட்டேன். நான் தோட்டத்தை நாசம் செய்துவிட்டதாகக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் உடனே எழுதிவிட்டான். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பதினோரு பேருக்கும் சொல்கிறேன். பிடுங்கிய கீரை கேட் ஓரமாகக் குவிந்து கிடக்கிறது. ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துப் போய்க் கடைந்து சாப்பிட்டுவிட்டு, ருசி எப்படி என்று அதே குழுவில் எழுதுங்கள்.