ஆஜர் வராத திங்கட்கிழமை

புதன்கிழமை காலை, வாலாஜாபேட்டையில் இருக்கும் சாமுவேலின் அக்கா அவன் வீட்டிலிருந்து போன் செய்தார். "தம்பி போய்ட்டான்ங்க. கதவை உடைச்சுதான் உள்ள போனோம்."

குழுவில் உள்ள உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்: நம் கழிவுநீர் நிலையத்தில் அவன் எலக்ட்ரீஷியன், நான் கம்ப்யூட்டர் பார்ப்பவன். தோல் தொழிற்சாலைகளின் தண்ணீர் வந்து சேரும் தொட்டிகளில் விஷவாயு எவ்வளவு என்று காட்டும் இணையப் பக்கம் நான் எழுதியது. பச்சை தெரிந்தால்தான் ஆட்கள் இறங்குவார்கள்.

பக்கம் தயாரான அன்று கேட்டான்: "அண்ணே, சர்வர் படுத்துட்டா இது இன்னா காட்டும்?" அதையெல்லாம் பிரவுசரே சொல்லிவிடும் என்றேன், கொஞ்சம் மிதப்பாக. அவன் போய் சர்வரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தான். போனில் வைஃபை இருந்தது. அது இருந்தாலே இணைப்பு சரியாக இருக்கிறது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஆகியும் பழைய எண்ணை வைத்துக்கொண்டு பக்கம் பச்சையாகவே நின்றது.

"செத்தவன் வந்து செத்துட்டேன்னு சொல்வானா? நாமதான் கேட்டுக்கினே இருக்கணும்" என்றான். அன்றே மாற்றினேன். ஐந்து நொடிக்கு ஒரு முறை பக்கம் சர்வரைக் கூப்பிடும். மூன்று முறை பதில் இல்லையென்றால் சிவப்பாகும்.

போன மழைக்காலத்தில் தொட்டியில் இறங்கி வேலை செய்யும் முருகன் ஏணியில் இரண்டு படி இறங்கியிருந்தபோது, சர்வர் பதில் தராமல் பக்கம் சிவந்தது. சாமுவேல் போட்ட கூச்சலில் முருகன் திட்டிக்கொண்டே மேலே வந்தான். விஷவாயு அளக்கும் கை மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டோம். அது அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சாமுவேல் வீட்டில் தனியாக இருந்தவன். தினமும் காலை ஆறு மணிக்கு நம் இதே வாட்ஸ்அப் குழுவில் "ஆஜர்" என்று போடுவான். "நான் உயிரோட இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும்ல?" என்பான். நாம் கேலி செய்தோம்.

திங்களன்று ஆஜர் வரவில்லை. செவ்வாயும் இல்லை. எல்லோரும் கவனித்தோம். ஏலகிரிக்குப் போயிருப்பான் என்று எழுதியவன் நான்தான். நீங்கள் சிரிக்கும் பொம்மை போட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஜரை நம்பி இரண்டு நாள் சும்மா இருந்தோம். அவன் வீட்டில் விழுந்தது ஞாயிறு இரவு, திங்கள் மாலைவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஆறு மணியை. நாளையிலிருந்து நான் ஆஜர் போடுவேன். ஒருநாள் வரவில்லையென்றால் சிரிக்காதீர்கள். மூன்று முறை கூப்பிடுங்கள். பிறகு கதவை உடையுங்கள்.