கண்டக்டர் இல்லாத வண்டி

எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் பஸ் ஓடியது. சிரிக்காதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுக்கு இப்போது போனாலும் பார்க்கலாம், இரண்டு தறிக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு ஒரு சந்து இருக்கும். அதுதான் ஜெர்மனி. சமையலறை ஹாலந்து. பின்கட்டில் துவைக்கிற கல்லைத் தாண்டிவிட்டால் பெல்ஜியம். மூன்று நாட்டு வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் செக்கர்தான் இருந்தார். அது நான். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போயிருந்தாள். எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தாள். நான் யாருமே எதிர்பார்க்காமல் வந்து பிறந்தவள் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அக்காவுக்கு முதல் கர்ப்பம் தங்கவில்லை. இரண்டாவது தரித்தபோது டாக்டர் படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், விடிந்ததும் வேலைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அதுவரை அக்கா தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு பயந்தபடி படுத்திருக்க வேண்டும். அம்மா போனால்தான் ஆகும் என்று முடிவாயிற்று.

விமானத்தில் ஏற்றிவிட்டால் அந்தப் பக்கம் மாமா வந்து கூட்டிக்கொண்டு போவார், அது ஒரு பிரச்சினையில்லை. பிரச்சினை அதற்குப் பிறகு. அவர்கள் இருந்த ஊர் மூன்று நாடுகள் சேருகிற மூலை. வீடு ஜெர்மனியில், காய்கறிச் சந்தை ஹாலந்தில், நம் ஊர் அரிசியும் முருங்கைக்காயும் விற்கிற கடை பெல்ஜியத்தில். நமக்குப் பக்கத்து ஊர்களான ஐயம்பேட்டை, ஏனாத்தூர், முசரவாக்கம் மாதிரி அவர்களுக்கு நாடுகள். படுத்திருக்கிற பெண்ணுக்கு ஆக்கிப் போட வேண்டுமென்றால் அம்மா தனியாக பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

அந்த பஸ்களைப் பற்றி மாமா போனில் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் சுண்டிக்கொண்டே போனது. ஜெர்மனியில் கண்டக்டர் கிடையாதாம். டிக்கெட்டை முன்னாலேயே வாங்கி, வண்டிக்குள் இருக்கிற சின்னப் பெட்டியில் விட்டு நாமே முத்திரை குத்திக்கொள்ள வேண்டுமாம். குத்தாத டிக்கெட் இருந்தும் இல்லாத மாதிரி. பல நாள் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் பக்கத்தில் சாதாரணச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள் திடீரென்று எழுந்து நின்று கேட்பார். அப்போது மாட்டினால் அபராதம். ஹாலந்தில் ஓர் அட்டையை மெஷினில் காட்டி ஏற வேண்டும், இறங்கும்போதும் காட்ட வேண்டும். மறந்துவிட்டால், நாம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுகொண்டிருந்தாலும் இன்னும் வண்டியிலேயே போய்க்கொண்டிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். பெல்ஜியம் கொஞ்சம் தேவலை. கையை நீட்டினால்தான் பஸ் நிற்கும், காசை டிரைவரிடமே கொடுத்துவிடலாம்.

அம்மா ஏகாம்பரநாதர் கோயிலுக்குக்கூட அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள். பஸ்ஸில் ஏறினால் சீட்டைப் பிடித்து உட்கார்ந்துகொள்வாள், சில்லறையை முன்னால் இருக்கிறவர் கையில் கொடுப்பாள். அது நாலு கை மாறிக் கண்டக்டரிடம் போகும், டிக்கெட் அதே நாலு கை வழியாகத் திரும்பி வரும். நடுவில் யார் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஊரில் முன்னால் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரன் கையில் இவள் காசைத் திணித்தால் அவன் என்ன நினைப்பான் என்று அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பழக்கினால் வந்துவிடும் என்றாள் அத்தை. அப்படித்தான் எங்கள் வீட்டில் பஸ் விட்டோம்.

டிக்கெட்டுக்கு அப்பா முதலில் பழைய ஜக்கார்டு அட்டையைத்தான் வெட்டினார். சேலையில் மயிலும் அன்னமும் விழுவதற்காக வரிசையாக ஓட்டை போட்டு வைத்திருப்பார்களே, அந்த அட்டை. முத்திரைக்குப் பதில் ஓட்டை குத்துகிற உளி ஒன்றைச் சன்னலில் கட்டித் தொங்கவிட்டார். நான் போய்ப் பரிசோதித்தால் அம்மா டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இதில் இல்லாத ஓட்டையா என்று கேட்டாள். மறுநாளிலிருந்து கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை வெட்டிக்கொண்டோம். ஹாலந்துக்கு என் பள்ளிக்கூட அடையாள அட்டை, மெஷினுக்கு பீரோ.

சாயங்காலம் தறியை நிறுத்தியதும் வண்டி கிளம்பும். அப்பா டிரைவர். அத்தை சக பயணி. அம்மா ஏறி உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்து அத்தையின் கையில் கொடுப்பாள். வெள்ளைக்காரியான அத்தை அதை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஒருநாள்கூடத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. டிக்கெட் அம்மாவின் மடியில் குத்தாமல் கிடக்கும். நான் தறிக்கட்டையின் மறைவிலிருந்து எழுந்து போய் முன்னால் நிற்பேன்.

"கண்டக்டர் இன்னும் வரலியேமா," என்பாள் அம்மா.

இந்த நாட்டில் கண்டக்டரே கிடையாது, மாட்டிக்கொண்டாய், அபராதம் கட்டு என்று நான் கத்துவேன். அபராதம் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் நானே ஒன்று வைத்தேன்: உப்புமூட்டை. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும்.

அம்மா என்னைத் தூக்குவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது. அவளும் தறியில் உட்காருகிறவள், சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். நான் போய் மேலே விழுந்தால், எருமைக் கன்று மாதிரி இருக்கிறாய், தள்ளிப் போ என்பாள். கொஞ்சுகிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் சட்டம் சட்டம்தானே. அம்மா குனிந்து முதுகைக் காட்டுவாள். நான் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசனையும் கழுத்தில் வியர்வையும் இருக்கும்.

அம்மாவுக்கு ஒன்றுமே ஏறவில்லை. ஜெர்மனியில் குத்த மறந்தாள். ஹாலந்தில் ஏறும்போது காட்டினால் இறங்கும்போது மறந்தாள். பெல்ஜியத்தில் கையை நீட்டாமல் துவைக்கிற கல் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள், அப்பா பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தினமும் பிடித்தேன். இவ்வளவு மக்கு அம்மா வாய்த்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடியும் மாட்டியபோது அப்பா டிரைவர் சீட்டிலிருந்து எழுந்துவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார்.

"வேணாம். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, முடியாதுன்னு சொல்லிடறேன். அங்க போயி மாட்டிக்கினு முழிச்சா யாரு வந்து கூட்டிக்கினு வர்றது? மாசமா இருக்கிற பொண்ணுக்கு இவளால வேற கவலை."

அப்போது அம்மா எழுந்தாள். சன்னலுக்குப் போய் உளியை எடுத்து டிக்கெட்டில் ஓர் ஓட்டை குத்தினாள். குத்தியதை அப்பாவின் கையில் வைத்தாள்.

"இது ஜெர்மனிக்கு. ஹாலந்துல ஏறச்சே ஒருவாட்டி, எறங்கச்சே ஒருவாட்டி அட்டையைக் காட்டணும். பெல்ஜியத்துல கையை நீட்டி நிறுத்தி டிரைவர்கிட்டயே காசு குடுக்கணும். எம் பொண்ணு அங்க ஒண்டியாப் படுத்துக்கினு இருக்குது. எனக்கு எல்லாம் தெரியுங்க, பிளேன் டிக்கெட் போடச் சொல்லுங்க."

அப்பா கையிலிருந்த டிக்கெட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கோ தலை நிமிர்ந்துவிட்டது. செக்கர் கண்டிப்பாக இருந்ததால்தான் அம்மா கற்றுக்கொண்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு வேலை போயிற்று. அந்த எரிச்சலில் ஊருக்குக் கிளம்புகிறவள்மீது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அம்மா போனாள். அக்காவுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று போன் வந்த அன்று அப்பா தெருவுக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். மூன்று நாட்டு வண்டியிலும் அம்மா ஒருநாள்கூட மாட்டவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். போய் இறங்கிய மறுநாளே தனியாக பெல்ஜியத்துக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்துவிட்டாளாம்.

அம்மா கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. பட்டுச்சேலை கட்டி, மாமா அனுப்பியிருந்த ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா ஏறி உட்கார்ந்தாள். அக்கம்பக்கம் மொத்தமும் நின்றது. நேரமாகிறது என்று அப்பா குதித்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போகாமல் கதவோரம் நின்றேன். அம்மா கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"செக்கரம்மா, எங்கிட்ட டிக்கெட்டு இல்ல. பாக்காம வுட்டுட்டியே."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நான் ஓடினேன். அம்மா காரை விட்டு இறங்கி, அத்தனை பேருக்கு முன்னால் பட்டுச்சேலையோடு குனிந்தாள். நான் தாவி ஏறிக்கொண்டேன். வழக்கமாக வாசலோடு திரும்புகிறவள் அன்று தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை நடந்தாள். வழியில் அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா சிரிக்கிறாள் என்று நானும் சத்தமாகச் சிரித்தேன். முதுகில் இருக்கிறவளுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் முகம் தெரியாது. திரும்பி வந்து என்னை இறக்கிவிட்டு, என் பக்கம் பார்க்காமலே காரில் ஏறிக்கொண்டாள்.

அவளை அத்தனை நாளும் நான்தான் பிடித்தேன் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.